மொறிஸ் மைனரின் எண்ணெய்க் கசிவு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளிற் பழைய ஆங்கில மோட்டார் வண்டிகள் இன்றும் ஓடக் காண்கின்றோம். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் என்பன நம்மவர் நாவிற் பழகிய பெயர்கள். தந்தையார் வாங்கிய வண்டியை மைந்தர் பேணுவதும், கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஊருக்கு வருங்கால் கொட்டிலில் நிற்கும் வண்டியைத் திருத்தி ஓட்ட விழைவதும் இங்கு அரியன அல்ல. அவ்வாறு விழைவோர் முதலிற் காணும் குறை, வண்டி நின்ற இடத்திலே நிலத்திற் படிந்திருக்கும் எண்ணெய்க் கறையாகும்.

“கிராங்கு ஒயில் சீல் போய்விட்டது” என்பார் ஒருவர். “சீலை மாற்றினாற் போதும்” என்பார் மற்றொருவர். சீல் மாற்றப்படும், பணமும் செலவாகும், ஒரு திங்கள் கழியுமுன் கறை மீண்டும் தோன்றும். அப்பொழுது திருத்துநரைக் குறை கூறுவாரும், புதிய சீலைக் குறை கூறுவாரும் உளர். உண்மையோ வேறு. இவ்வண்டிகள் பலவற்றின் இயந்திரத்தில், கசிவு மிகுதியாக நிகழும் பின்புறத்தில், மாற்றுவதற்கு ஒரு சீலே இல்லை. இதனை அறியாது செய்யும் வேலை வீணாகும். அறிந்து செய்வார்க்கு உதவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனரையே கொள்வோம். இவ்வண்டி 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய நிறுவனங்கள் 1952 இல் ஒன்றிணைந்தபின், ஒஸ்ரின் ஏ30 வண்டியில் 1951 இல் அறிமுகமான ‘ஏ வரிசை’ இயந்திரம் மைனரிலும் பொருத்தப்பட்டது. முதலில் அதன் கொள்ளளவு 803 கன சென்ரிமீற்றர். 1956 இல் 948. 1962 இல் 1098. அளவு மாறினும், எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் முறை ஏறத்தாழ ஒன்றே.

இயந்திரத்தின் கீழ்ப்பாகத்திற் கிடையாக அமைந்திருப்பது கிராங்குத் தண்டு. பாடநூல்கள் முசலம் எனக் கூறும் பிஸ்ரன்கள் நான்கும் மேலும் கீழும் ஆடும் ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது இதன் தொழில். மூன்று பெரிய பெயாரிங்குகள் இதனைத் தாங்குகின்றன. நல்ல நிலையிலுள்ள இயந்திரம் ஓடும்போது, எண்ணெய்ப் பம்பி சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 இறாத்தல் அமுக்கத்தில் எண்ணெயை இப்பெயாரிங்குகளுக்குச் செலுத்துகின்றது. அவ்வெண்ணெய் தண்டுக்கும் பெயாரிங்குக்கும் இடையே மெல்லிய படலமாக நின்று, உலோகம் உலோகத்தைத் தீண்டாவாறு காக்கின்றது. பின்னர்ப் பெயாரிங்கின் இரு விளிம்புகளாலும் ஓயாது வழிந்து, கீழுள்ள எண்ணெய்த் தொட்டியை அடைகின்றது.

தண்டின் இரு முனைகளும் இயந்திரக் கூட்டுக்கு வெளியே வருதல் வேண்டும். முன்முனையில் விசிறிப் பட்டியை இழுக்கும் கப்பி இருக்கின்றது. பின்முனையில் பிளைவீலும் கிளச்சும் இருக்கின்றன. ஆகவே எண்ணெய் வெளியேறத்தக்க வாயில்கள் இரண்டு உள்ளன. இவ்விரண்டையும் காக்கும் முறை ஒன்றன்று. இருவேறு முறைகள் ஆகும்.

முன்வாயிலை முதலிற் காண்போம். ரைமிங் சங்கிலியை மூடியிருக்கும் தகட்டு மூடியின் நடுவே ஒரு துவாரம் உண்டு. கப்பியின் கழுத்து அதனூடே செல்கின்றது. பழைய இயந்திரங்களில், கம்பளியை நெருக்கிச் செய்த வளையம் ஒன்று அக்கழுத்தைச் சுற்றி நிற்கும். பிற்பட்டவற்றில் உதடு போன்ற விளிம்புடைய றப்பர்ச் சீல் இருக்கும். மூடியின் உட்புறத்தே, தண்டோடு சேர்ந்து சுழலும் குழிந்த தட்டு ஒன்றும் உண்டு. தன்மேற் படும் எண்ணெயைச் சுற்றுப்புறம் வீசியெறிந்து, சீலை அணுகாமற் செய்வது அதன் பணி. எனவே முன்புறத்திலே சீல் உண்டு. அது தேய்ந்தால் மாற்றலாம்.

பின்வாயிலின் அமைப்பு வேறு. அங்கே தண்டைத் தீண்டி நிற்கும் கம்பளியும் இல்லை, றப்பரும் இல்லை. தண்டின் மீதே திருகாணியின் புரி போன்ற ஒரு வரி வெட்டப்பட்டுள்ளது. அதனைச் சூழ்ந்துள்ள உலோகக் கூட்டுக்கும் அதற்கும் இடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்திலொரு சில பங்கு இடைவெளியே உண்டு. இது தொழிற்படும் விதத்தை எளிதில் உணரலாம். ஒரு திருகாணியை முன்னும் பின்னும் நகரவிடாது பிடித்துச் சுழற்றுக. அதன்மேல் இருக்கும் சுரையைச் சுழலவிடாது தடுத்தால், சுரை புரிவழியே நகர்ந்து செல்லும். ஈண்டுச் சுரையின் இடத்தில் இருப்பது எண்ணெய். தண்டு சுழலுந்தோறும், வெளியே செல்ல முயலும் எண்ணெயைப் புரியானது உள்நோக்கித் தள்ளுகின்றது. உள்ளே வந்த எண்ணெய் ஒரு வடிதுவாரம் வழியே தொட்டிக்குத் திரும்புகின்றது. உராயும் பொருள் இன்மையால் தேய்வும் இல்லை என்பது இதனை அமைத்தோர் கருத்து.

இவ்வமைப்பின் குறைகளும் இதிலிருந்தே பெறப்படும். புரி, தண்டு சுழலும்போது மட்டுமே தொழிற்படும். இயந்திரம் நின்றபின் அங்கே எஞ்சிய எண்ணெய் வழிந்து, ஓரிரு துளி நிலத்தில் விழுதல் இயல்பு. அன்றியும், சிறிதளவு எண்ணெயைத் திருப்பும் ஆற்றலே அதற்கு உண்டு. உள்ளிருந்து காற்றமுக்கம் தள்ளினால் அது தோற்றுவிடும். பெயாரிங்கு தேய்ந்து தண்டு அசைந்தாடத் தொடங்கினால், ஒருபுறம் இடைவெளி பெருகும். மறுபுறம் புரி கூட்டோடு உராயும். ஆகவே பின்புறக் கசிவு பெரும்பாலும் ஒரு நோயன்று. வேறொரு நோயின் குறியாகும்.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்து 948 ஆங் குறள் கூறும் முறை இங்கு நினைக்கத்தக்கது. நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் மூலத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயலில் இறங்குதல் வேண்டும் என்பது அதன் கருத்து. மைனர் இயந்திரத்தின் கொள்ளளவும் அக்குறளின் எண்ணும் ஒன்றாயிருத்தல் தற்செயலே. ஆயினும் திருத்துநர் மறவாதிருக்க நல்லதொரு துணை.

முதலாவதாக ஆராயவேண்டியது, எண்ணெய் உண்மையில் எங்கிருந்து வருகின்றது என்பது. எண்ணெய் கீழ்நோக்கி வடியும். வண்டி ஓடும்போது காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலின் மேலேயுள்ள வால்வு மூடியிலோ, பக்கத்திலுள்ள தட்டு மூடிகளிலோ தொடங்கிய கசிவு, பின்புறத்துக் கசிவுபோலத் தோன்றும். மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு இயந்திரத்தின் வெளிப்புறம் முழுவதையும் கழுவித் துடைத்து, நன்கு உலரவிடுக. ஐயத்துக்குரிய இடங்களிற் சோக்குத் தூளை மெல்லத் தூவுக. கால்மணி நேரம் இயந்திரத்தை ஓடவிட்டு, பின்பு விளக்கின் ஒளியில் நோக்குக. தூள் முதலில் நனைந்த இடமே கசிவின் தொடக்கம். கியர்ப் பெட்டியின் முன்முனையிலிருந்து வரும் எண்ணெயும் அதே இடத்தில் விழலாம். இயந்திர எண்ணெய் கருமையாகவும், கியர்ப் பெட்டி எண்ணெய் பெரும்பாலும் தெளிவாகவும் இருக்கும். வெள்ளைத் தாளொன்றை இரவில் விரித்துவைத்தால் வேறுபாடு புலனாகும்.

இரண்டாவதாக, எண்ணெய் அளவைப் பார்த்தல் வேண்டும். ‘கூட இருந்தால் நல்லது’ எனக் கருதி அளவுகோலின் மேற்கோட்டுக்கு மேலும் எண்ணெய் வார்ப்பார் உளர். மிகுதியான எண்ணெயைச் சுழலும் தண்டு அடித்துக் கலக்கும். பின்புறப் புரிக்கு அது தாங்கொணாச் சுமையாகும்.

மூன்றாவது, இயந்திரத்தின் மூச்சு. பிஸ்ரன் வளையங்கள் எத்துணைப் புதியனவாயினும், எரிந்த வாயுவிற் சிறுபகுதி அவற்றைக் கடந்து கீழே வரும். அதனை வெளியேற்றவே பக்கத் தட்டு மூடியிலிருந்து கீழ்நோக்கி ஒரு மூச்சுக் குழாய் வைக்கப்பட்டுள்ளது. எண்ணெய் வார்க்கும் மூடியிலும் காற்றுச் செல்லும் வழி உண்டு. இவை அழுக்கேறி அடைபட்டால், வாயு வேறு வழி காணும். பின்வாயிலே அவ்வழி. ஆகையால் ஒரு சதமும் செலவிடுமுன், மூச்சுக் குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயிற் கழுவி, உள்ளேயுள்ள கம்பிவலையின் அழுக்கையும் நீக்குக. இதனாலேயே கசிவு பெரிதும் குறைந்த வண்டிகள் பல. குழாய் தெளிவாயிருந்தும், எண்ணெய் மூடியைத் திறந்தவுடன் புகை விட்டுவிட்டுத் தள்ளி வருமாயின், பிஸ்ரன் வளையங்களும் உருளைகளும் தேய்ந்துள்ளன என்று கொள்க. அந்நிலையில் எத்தகைய சீலும் பயன்தராது.

நம் நாட்டு வண்டிகளில் இத்தேய்வு மிகுந்திருத்தற்கு ஒரு வரலாறு உண்டு. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டது. நம்மவர் சில துளி பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். இம்முறை உலகுக்குப் புதிதன்று. பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடும்படியே ஆக்கப்பட்டது. ஆனால் அதற்கேற்ற தாழ்ந்த அமுக்க விகிதமும், எரிபொருளைச் சூடாக்கும் அமைப்பும் அதில் இருந்தன. மைனரில் அவை இல்லை. மண்ணெண்ணெய் பெற்றோல்போல எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத பகுதி உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு தொட்டியில் இறங்கும். படலம் நீங்கிய சுவரும் வளையமும் தேயும். தொட்டியிலுள்ள எண்ணெயின் பிசுக்குமை குறையும். மெலிந்த எண்ணெய் பெயாரிங்கைக் காவாது, அதுவும் தேயும். வளையம் தேயவே உள்ளமுக்கம் பெருகும். பெயாரிங்கு தேயவே தண்டு ஆடும். எண்ணெய் மெலியவே புரியைக் கடத்தல் எளிதாகும். பின்வாயிற் கசிவுக்கு வேண்டிய காரணங்கள் யாவும் இவ்வாறு ஒருங்கு கூடின.

நின்ற வண்டிகளுக்கும் நோய் வந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும், அதன் பின்னரும், ஆண்டுக்கணக்கிற் கொட்டிலில் நின்ற வண்டிகள் பல. நின்ற வண்டியின் கம்பளி வளையம் காய்ந்து இறுகும். றப்பர் உதடு வளையுந் தன்மையை இழக்கும். கப்பியின் கழுத்தில் துரு ஏறும். அத்துருவோடு இயந்திரத்தைத் தொடக்கினால், அது அரம்போல நின்று சீலை அறுத்துவிடும். கண்டி வீதி 2002 இல் திறக்கப்பட்டபின் புதிய உதிரிப்பாகங்கள் வரலாயின; எனினும் புதிய சீலைப் பழைய துருவின்மேல் ஏற்றினால் நிலைக்குமா?

இனி, முன்புறச் சீலை மாற்றும் முறையைக் கூறுவோம். மின்கல இணைப்பை நீக்கி, றேடியேற்றர் நீரை வடித்து, றேடியேற்றரையும் விசிறிப் பட்டியையும் கழற்றுக. கப்பியைப் பிடித்திருக்கும் பெரிய ஆணியின் பூட்டுத் தகட்டை நிமிர்த்தி, பொருத்தமான ஸ்பனரால் ஆணியைக் கழற்றுக. கப்பியை இருபுறமும் சம அளவில் நெம்பி எடுக்கவேண்டும். ஒருபுறம் மட்டும் நெம்பினால் விளிம்பு உடையும். பின்னர் ரைமிங் மூடியின் ஆணிகளைக் கழற்றுக. அவை ஒரே அளவின அல்ல. ஆதலின் ஓர் அட்டையில் மூடியின் வடிவை வரைந்து, அவ்வவ்விடத்திற் குத்திவைத்தல் நலம்.

கப்பியின் கழுத்தை விரல் நகத்தாற் சுற்றிப் பார்க்க. நகம் தடைப்படும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், புதிய சீலும் அங்கே கசியும். மெல்லிய பள்ளத்தைக் கடைசற்பொறியில் மெருகிடலாம். ஆழமான பள்ளத்துக்கு மெல்லிய உருக்கு உறை போடலாம். அல்லது சீலைச் சற்று உள்ளே தள்ளிப் பதித்து, பள்ளமில்லாத இடத்தில் அதன் உதடு படச் செய்யலாம். கம்பளி வளையமாயின் இயந்திர எண்ணெயில் நன்கு ஊறவைத்த பின்னரே பொருத்துக. றப்பர்ச் சீலாயின் உதடு இயந்திரத்தின் உட்புறத்தை நோக்கியிருத்தல் வேண்டும்; மாறிப் பொருத்தினால் எண்ணெயை அதுவே வெளியே விடும். குழிந்த தட்டின் குழிவு வெளிநோக்கி, அஃதாவது கப்பியை நோக்கி இருக்கவேண்டும். பழைய மூடிக்குப் பழைய தட்டும், புதிய மூடிக்குப் புதிய தட்டுமே பொருந்தும். இவற்றை மாற்றிச் சேர்த்தல் ஆகாது.

இனிக் கூறுவது பலர் கைவிடும் படி. மூடியைப் புதிய காஸ்கெற்றுடன் வைத்து, ஆணிகளை விரலால் மட்டும் திருகி விடுக. கப்பியின் கழுத்தில் எண்ணெய் தடவி, சீலினூடே செலுத்தி, தண்டிலுள்ள சிறு ஆப்போடு பொருந்தத் தள்ளுக. அப்பொழுது மூடி தானே நகர்ந்து, சீல் தண்டின் நடுவில் அமையும். அதன் பின்பே மூடியின் ஆணிகளைச் சிறிது சிறிதாக மாறிமாறி இறுக்குக. முன்னரே இறுக்கிவிட்டுக் கப்பியைப் புகுத்தினால், சீல் ஒருபுறம் நெருக்கியும் மறுபுறம் தளர்ந்தும் நிற்கும். புதிய சீல் விரைவிற் பழுதாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இறுதியிற் பெரிய ஆணியை இறுக்கி, பூட்டுத் தகட்டை மடிக்க மறவற்க.

பின்புற வேலை இதனினும் பெரிது. கியர்ப் பெட்டியைப் பிரித்தோ, இயந்திரத்தை வெளியே எடுத்தோ, கிளச்சையும் பிளைவீலையும் பின்தட்டையும் கழற்றினாலன்றி அவ்விடத்தை அணுகல் இயலாது. அணுகியபின் பார்க்கவேண்டியன நான்கு. எண்ணெய்த் தொட்டியின் பின்முனையில், பெயாரிங்கு மூடியின் கீழுள்ள அரைவட்டத் தக்கை சுருங்கியுள்ளதா? பின்புறத்தே அமைந்த எண்ணெய்ப் பம்பியின் காஸ்கெற் கசிகின்றதா? புரியிலிருந்து தொட்டிக்குச் செல்லும் வடிதுவாரம் அடைபட்டுள்ளதா? தண்டும் பெயாரிங்கும் தேய்ந்துள்ளனவா? முதல் மூன்றும் சிறு செலவில் தீர்வன. நான்காவது உண்மையாயின் தண்டைச் சாணையிட்டுப் புதிய பெயாரிங்கு போடுதலே வழி. பின்புறத்துக்கும் றப்பர்ச் சீல் பொருத்தும் தொகுதிகள் பிற்காலத்தில் விற்பனைக்கு வந்துள்ளன. தண்டு ஆடாதிருந்து, சீலும் நடுவில் அமைந்தால் அவை உதவும். ஆடும் தண்டில் அவையும் நில்லா.

செய்யத்தகாதன சிலவும் உள. பசையை அள்ளிப் பூசுதல் அவற்றுள் ஒன்று. உட்புறத்தில் மிஞ்சிய பசை உதிர்ந்து, பம்பியின் சல்லடையை அடைக்கும். அப்பொழுது சிறு கசிவை நிறுத்தப் போய், இயந்திரத்தையே இழக்க நேரும். மிகத் தடித்த எண்ணெயை வார்த்தலும் அத்தகையதே. குளிர்ந்த இயந்திரத்தைத் தொடக்கும்போது, தடித்த எண்ணெய் பெயாரிங்கை அடையத் தாமதமாகும்.

எப்பொழுது திருத்தாது விடலாம்? ஓர் இரவிற்குச் சில துளியே விழுந்து, கிளச்சும் வழுக்காதிருந்தால், மூச்சுக் குழாயைத் துப்புரவு செய்து, கீழே ஒரு தட்டம் வைத்து, கிழமைதோறும் எண்ணெய் அளவைப் பார்த்து ஓட்டலாம். நிமிடத்துக்கு ஒரு துளி எனில் கணக்கு வேறு. ஒரு நாளில் 1,440 துளி; ஏறத்தாழ 50 முதல் 70 மில்லிலீற்றர். தொட்டி கொள்வது ஏறத்தாழ 3.7 லீற்றரே. இரண்டு மூன்று கிழமையில் ஒரு லீற்றர் போய்விடும். மலை ஏறுகையிற் கிளச் வழுக்கத் தொடங்கினாலும், இனித் தாமதித்தல் தகாது.

வடித்த எண்ணெயை என்செய்வது என்பதும் சிறு வினாவன்று. நம் நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளும் பொந்துகளும் வழியே மேலே வார்த்தது கிணற்றை எளிதில் அடையும். ஆறில்லாத குடாநாட்டில், குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் கிணறே கதி. சுன்னாகப் பகுதியின் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்ததை யாவரும் அறிவர். ஒரு மின்னிலையத்தின் கழிவோடு ஒரு வண்டியின் கழிவை ஒப்பிடல் இயலாது; ஆயினும் வேலியோரத்தில் ஊற்றிய எண்ணெயும் அதே நீரை நோக்கியே இறங்கும். மூடியுள்ள கலனிற் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடுதலே முறை.

முடிவாக மாணவர்க்கு ஒன்று கூறுவோம். திருகு, அமுக்கம், பிசுக்குமை, ஆவியாதல் என்று பௌதிக ஆய்வுகூடத்திற் படிப்பவை யாவும் இச்சிறு கசிவில் ஒருங்கே தொழிற்படுகின்றன. உதிரிப்பாகமும் கைந்நூலும் கிடையாத 1990 களில், இவ்வியந்திரங்களை ஓடச் செய்தவர் நம் கராச்சுகளில் எண்ணெய் படிந்த கையோடு நின்ற தொழிலாளர். எந்த ஒலி எந்தத் தேய்வைக் காட்டும், எந்தப் பாகத்துக்கு எதனை மாற்றாக இடலாம் என அவர் கண்டறிந்தவற்றிற் பெரும்பகுதி ஏட்டில் ஏறவில்லை. அவருட் பலர் முதுமை எய்திவிட்டனர். விடுமுறை நாளொன்றில் ஓர் எழுதுதாளோடு அவரிடஞ் சென்று, அவர் வழங்கும் சொற்களாலேயே அவர் அறிவைக் கேட்டு எழுதுக. அவ்வாறு எழுதிய ஏடு நமது கல்லூரி நூலகத்தில் இடம்பெறத் தக்கது.